உருளி சூடு ஆறாமல் அடுப்பு மாறுவது எப்படி?

தென்காசியிலிருந்து செங்கோட்டை வழியாகப் புனலூர் போகும் பஸ்ஸில் போன் பேசிக்கொண்டு போகிறவர்களைக் கவனித்தால் ஒன்று தெரியும். புளியரை தாண்டியதும், "மலை வந்துட்டு, இறங்கிட்டுக் கூப்பிடுதேன்" என்று தாங்களாகவே பேச்சை முடித்துக்கொள்வார்கள். பேச்சு எப்படியும் அறுந்துவிடும் என்று பழகிப்போய்விட்டது. அறுவதற்கு டவர் இல்லாமைதான் காரணம் என்றும் எல்லோரும் நம்புகிறோம்.

சில இடங்களில் அது சரி. மற்ற இடங்களில், டவர் இருக்கிறது. வளைவுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. முதல் டவரின் சிக்னல் தேய்ந்துகொண்டே வருகிறது, அடுத்ததன் சிக்னல் ஏறிக்கொண்டே வருகிறது. போன் மட்டும் பழையதை விட்டுப் புதியதற்கு உரிய நேரத்தில் மாறவில்லை. இந்தக் கோளாறுக்கு இன்னொரு டவர் கட்டுவது மருந்தாகாது. மாறும் முறையைத்தான் சீர்செய்ய வேண்டும். ஒரு டவரிலிருந்து இன்னொன்றுக்குப் பேச்சு போவதைக் கைமாற்றம் என்போம். அது எப்படி நடக்கிறது, எங்கே தவறுகிறது என்பதைப் பார்க்க ஒரு கல்யாண வீட்டுச் சமையல்கட்டுக்குள் போவது நல்லது.

எங்கள் பக்கத்துக் கல்யாணச் சமையலில் வரிசையாகக் கோட்டை அடுப்புகள் போட்டிருப்பார்கள். ஒவ்வொன்றிலும் சில பாத்திரங்கள் ஏறும். ஓர் அடுப்பில் அல்வா உருளி இருக்கிறது, கையாள் ஒருவர் நிறுத்தாமல் கிண்டிக்கொண்டிருக்கிறார். அந்த அடுப்பில் தீ இறங்க ஆரம்பிக்கிறது. அல்வாவுக்குச் சூடு நின்றால் பதம் தவறிவிடும். பக்கத்தில் சுண்டலுக்குக் கடலை வேகிற அண்டாவுக்கு அந்தக் கவலை இல்லை, ஐந்து நிமிடம் தீ அணைந்தாலும் திரும்ப மூட்டி வேகவைத்துக்கொள்ளலாம். போன் பேச்சும் வீடியோ அழைப்பும் அல்வா மாதிரி. படம் இறக்குவதும் வாட்ஸ்அப் செய்தி அனுப்புவதும் கடலை மாதிரி. கைமாற்றம் சரியில்லாத இடத்தில் செய்தி எப்படியோ போய்ச்சேர்ந்துவிடுகிறது, பேச்சுதான் அறுந்துபோகிறது. காரணம் இதுதான்.

இனி உருளியை எப்படி மாற்றுகிறார்கள் என்று பாருங்கள். கையாள் தன் அடுப்பின் தீயையும் பார்க்கிறார், அக்கம்பக்கத்து அடுப்புகளின் தீயையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்கிறார். "அண்ணாச்சி, இங்க தீ இறங்குது, மூணாம் அடுப்பு நல்லா எரியுது" என்று தலைமைச் சமையல்காரரான தவசிப்பிள்ளையிடம் சொல்கிறார். அவர் உடனே "தூக்கு" என்று சொல்வதில்லை. முதலில் மூன்றாம் அடுப்புக்காரரைக் கேட்கிறார்: இடம் இருக்கிறதா, விறகு போதுமா? அங்கே இடம் ஒதுக்கி, கல்லைச் சரிசெய்து, "வரட்டும்" என்று பதில் வந்த பிறகுதான் கையாளுக்கு உத்தரவு போகிறது. சாக்கைப் பிடித்து இரண்டு பேர் உருளியைத் தூக்கி அடுத்த அடுப்பில் இறக்குகிறார்கள். இடையில் பழைய அடுப்படிக்கு வந்து சேர்ந்த நெய்யையும் முந்திரியையும் ஒரு பையன் புதிய அடுப்புக்கு ஓடிக் கொண்டுபோய்க் கொடுக்கிறான்.

4ஜி வலையமைப்பில் நடப்பது வரிக்கு வரி இதுதான். கையாள்தான் உங்கள் போன். பேசிக்கொண்டிருக்கும்போதே அது சுற்றியுள்ள டவர்களின் வலுவை அளந்தபடி இருக்கிறது. அடுப்புகள் டவர்கள். தவசிப்பிள்ளை, நீங்கள் இப்போது இணைந்திருக்கும் டவரிலேயே உட்கார்ந்து முடிவெடுக்கும் கட்டுப்பாட்டுப் பகுதி. அது அடுத்த டவரிடம் இடம் கேட்டு வாங்கிய பிறகே போனுக்கு உத்தரவிடுகிறது. நெய் கொண்டு ஓடும் பையனும் உண்டு. பழைய டவருக்கு வந்துவிட்ட உங்கள் பேச்சுத் துண்டுகள் இரு டவர்களுக்கும் இடையிலுள்ள இணைப்பு வழியாகப் புதிய டவருக்கு அனுப்பப்படுகின்றன. உருளி அந்தரத்தில் இருக்கும் நேரம் சில பத்து மில்லிசெகண்டுகள்தான். காதுக்கு அது தெரியாது.

இந்த ஏற்பாட்டின் வேர் பழையது. நாட்டைச் சிறு சிறு வட்டாரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் அலைபரப்பி வைக்கலாம் என்ற யோசனையை அமெரிக்காவின் பெல் லேப்ஸில் டக்ளஸ் ரிங் 1947-ல் எழுதிவைத்தார். ஒரு வட்டாரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகரும்போது பேச்சு அறாமல் மாற்றித்தரும் முறைக்கு அதே நிறுவனத்தின் அமோஸ் ஜோயல் 1972-ல் காப்புரிமை பெற்றார். கைமாற்றம் இல்லையென்றால் செல்போன் என்பது ஓரிடத்தில் உட்கார்ந்து பேசும் கம்பியில்லாத் தொலைபேசி, அவ்வளவுதான்.

சரி, கையாள் எப்போது குரல் கொடுக்க வேண்டும்? கைமாற்றத்தின் முழுச் சூட்சுமமும் இந்தக் கேள்வியில் இருக்கிறது. அடுப்புத் தீ ஒரே சீராக எரிவதில்லை. காற்று அடித்தால் தாழும், மறுபடி எழும். தாழும்போதெல்லாம் உருளியைத் தூக்கினால் நாள் முழுக்க உருளி அந்தரத்தில்தான் இருக்கும். எனவே இரண்டு கட்டுப்பாடுகள் வைத்திருக்கிறார்கள். ஒன்று, பக்கத்து அடுப்பு கொஞ்சம் நன்றாக எரிந்தால் போதாது, குறிப்பிட்ட அளவு கூடுதலாக எரிய வேண்டும். இரண்டு, அந்தக் கூடுதல் ஒரு நொடி மினுக்கிவிட்டுப் போகக்கூடாது, குறிப்பிட்ட நேரம் நிலைத்திருக்க வேண்டும்.

முதல் கட்டுப்பாடு டெசிபல் கணக்கில் வரும். 3 டெசிபல் கூடுதல் என்றால் ஏறக்குறைய இரண்டு மடங்கு வலு, 10 டெசிபல் என்றால் பத்து மடங்கு. 4ஜி சிக்னலை எண்ணாகக் காட்டும் செயலிகளில் மைனஸ் 80 என்று பார்த்தால் நல்ல தீ, மைனஸ் 110 என்றால் கங்கு, மைனஸ் 120 என்றால் ஏறக்குறைய சாம்பல். அடுத்த டவர் 3 டெசிபல் கூடுதலாக இருந்தால் மாறலாம் என்று நிறுவனம் வைத்துக்கொள்ளலாம். 2 என்றோ 5 என்றோ வைப்பதும் அவர்கள் பாடு. இரண்டாவது கட்டுப்பாடு காத்திருப்பு நேரம். 4ஜி தரநிலையில் இதற்கு 0, 40, 64, 80 என்று தொடங்கி 5120 மில்லிசெகண்டு வரை பதினாறு மதிப்புகள் கொடுத்திருக்கிறார்கள். எந்த டவருக்கு எதைத் தேர்ந்தெடுப்பது என்பது அந்தந்த நிறுவனப் பொறியாளரின் கையில் இருக்கிறது.

இங்கேதான் நம்ம ஊர் நில அமைப்பு வந்து நிற்கிறது. சங்கரன்கோவில் பக்கத்துச் சமவெளியில் ஒரு டவர் மெதுவாகத் தேயும், அடுத்தது மெதுவாக ஏறும். அரை நொடி காத்திருந்து மாறினாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. அதே மதிப்பைத் தூக்கி, தேசிய நெடுஞ்சாலை 744 மலையேறும் புளியரை வளைவுகளில் வைத்தால் தோற்றுப்போகும். எஸ் வளைவில் பஸ் திரும்பும் சில நொடிகளில் பாறைச் சரிவு ஒன்று டவருக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் வந்துவிடுகிறது. தீ மெல்ல இறங்குவதில்லை, வாளித் தண்ணீரை ஊற்றியதுபோல் அணைகிறது. பகவதிபுரம் தாண்டி ஆரியங்காவுக்குப் போகும் ரயில் சுரங்கத்துக்குள் நுழைவது இன்னும் கடுமையான சோதனை.

கைமாற்றம் தவறும் விதங்களைத் தரநிலை எழுதியவர்கள் மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள், மூன்றுக்கும் இந்த மலையிலேயே உதாரணம் காட்டலாம். முதலாவது, தாமதமாக மாறுவது: சுரங்க வாயிலில் நடப்பது. காத்திருப்பு நேரம் முடியும் முன்பே பழைய டவர் போய்விடுகிறது. இரண்டாவது, அவசரப்பட்டு மாறுவது: புதிய டவர் ஒரு கணம் பளிச்சென்று தெரிந்ததும் தாவி, அது நிலைக்காமல் பழையதிடமே திரும்பி வருவது. மூன்றாவது, தவறான இடத்துக்கு மாறுவது. மலைச்சாலையில் இதற்குத்தான் ஆபத்து அதிகம் என்பது என் கருத்து. ஒரு வளைவின் விளிம்பில் நிற்கும்போது பள்ளத்தாக்கு திறந்து, எங்கோ தொலைவிலுள்ள டவர் தடையில்லாமல் தெரிகிறது. பக்கத்து டவரைவிட அதன் சிக்னல் வலுவாக வருகிறது. போன் அதற்குப் போகிறது. அடுத்த வளைவில் பள்ளத்தாக்கு மூடிக்கொள்கிறது. உருளியைத் தோட்டத்துக் கோடியிலிருந்த அடுப்புக்குத் தூக்கிப்போன பிறகு அங்கே விறகே இல்லை என்று கண்டுபிடிப்பது போன்ற கதை இது.

இந்த மூன்றையும் டவர்களே கற்றுத் திருத்திக்கொள்ள 4ஜி தரநிலையில் வழி செய்திருக்கிறார்கள். பேச்சு அறுந்த போன் வேறொரு டவரில் ஒட்டிக்கொள்ளும்போது, தான் முன்பு எங்கே இருந்தது என்பதைச் சொல்கிறது. புதிய டவர் அந்தத் தகவலைப் பழைய டவருக்கு அனுப்புகிறது. ஒரே வளைவில் பல போன்கள் ஒரே விதமாக அறுந்தால், 'இங்கே நான் தாமதமாக விடுகிறேன்' என்று பழைய டவருக்குத் தெரிந்துவிடும். பிறகு காத்திருப்பைக் குறைக்கலாம், டெசிபல் அளவைத் தளர்த்தலாம். ஆனால் அந்தக் கற்றலை முடுக்கிவிட்டிருக்க வேண்டும், வருகிற விவரத்தைப் பார்க்க ஆளும் இருக்க வேண்டும். அறுந்துபோகும் அழைப்புகள் 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வைத்திருக்கும் வரம்பு. பெரிய பரப்புக்குச் சராசரி எடுத்துப் பார்த்தால் புளியரை மாதிரியான நாலைந்து கிலோமீட்டர் அதில் காணாமல் போய்விடும். மலைச்சாலைகளுக்குத் தனி அளவீடும், தனி மதிப்புகளும் வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வேன்.

சாரல் காலத்தில் சிக்னல் கெடுகிறது என்று ஒரு பேச்சு உண்டு. போன் பயன்படுத்தும் அலைவரிசைகளில் சாரல் துளிகள் பெரிதாக எதையும் உறிஞ்சுவதில்லை. நனைந்த இலைகள் உறிஞ்சும். மரம் அடர்ந்த சரிவுக்குப் பின்னால் நிற்கிறவருக்கு அதனால் வித்தியாசம் தெரியலாம். கனமழையில் டவருக்கும் டவருக்கும் இடையே ஓடும் உயர் அலைவரிசை மைக்ரோவேவ் இணைப்புகள் தடுமாறுவதும் உண்மை.

கைமாற்றத்தில் எல்லாவற்றையும்விடச் சிக்கலான இடம் ஒன்று இருக்கிறது. கையாளின் குரல் தவசிப்பிள்ளைக்குக் கேட்க வேண்டும், அவர் உத்தரவு கையாளுக்குக் கேட்க வேண்டும். அடுப்படி இரைச்சலில் யாராவது ஒருவர் குரல் எட்டாவிட்டால் மூன்றாம் அடுப்பு தயாராக இருந்தும் பயனில்லை. போனுக்கும் அதே நிலைதான். 'சிக்னல் இறங்குகிறது' என்ற அறிக்கையும், 'மாறு' என்ற உத்தரவும், தேய்ந்துகொண்டிருக்கும் அதே பழைய டவர் வழியாகத்தான் போய் வர வேண்டும். மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் அந்த வழி மிகவும் பலவீனமாக இருக்கிறது. உத்தரவு வந்து சேராவிட்டால் போன் சிறிது நேரம் காத்திருந்து, தொடர்பு போய்விட்டது என்று முடிவுசெய்து, புதிதாக டவர் தேடத் தொடங்கும். அதற்குள் எதிர்முனையில் இருப்பவர் "அலோ, அலோ" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார்.

இதற்கு 2020-ல் முடிவான 5ஜி தரநிலையின் பதினாறாம் வெளியீட்டில் அருமையான தீர்வு ஒன்று வந்தது: நிபந்தனைக் கைமாற்றம். தீ நன்றாக இருக்கும்போதே தவசிப்பிள்ளை இரண்டு மூன்று அடுப்புகளில் இடம் சொல்லிவைத்துவிட்டுக் கையாளிடம் சொல்லிவிடுகிறார்: "இந்த அளவுக்குத் தீ இறங்கினா நீயே தூக்கிரு. மூணாவதோ நாலாவதோ, எது நல்லா எரியுதோ அதுல வை. என்னைக் கேட்காதே." வளைவு வருவதற்கு முன்பே உத்தரவு கையில் இருப்பதால், வளைவில் குரல் கேட்காவிட்டாலும் குடிமுழுகிவிடாது. கூடுதல் அடுப்புகளில் இடம் ஒதுக்கிவைப்பது செலவுதான், கூட்ட நேரத்தில் அது உறுத்தும். மலைப்பாதையில் அந்தச் செலவு தகும்.

அதே வெளியீட்டில் இன்னொரு முறையும் உண்டு. பழைய டவரை விடாமலேயே புதிய டவருடனும் பேசத் தொடங்கி, புதியது உறுதியான பிறகு பழையதை விடுவது. இரண்டு அடுப்புக்கும் நடுவில், இரண்டு தீயும் படும்படி உருளியை வைத்திருப்பதற்கு ஒப்பானது. 3ஜி காலத்தில் இது வழக்கமாக இருந்தது. 4ஜியில் எளிமைக்காகக் கைவிட்டார்கள். 5ஜியில் வேறு உருவில் திரும்பி வந்திருக்கிறது. இந்த இரண்டு வசதிகளும் வேலைசெய்ய டவரில் இருக்க வேண்டும், போனிலும் இருக்க வேண்டும்.

குற்றாலத்துக்கு வந்தால் சங்கதி மாறுகிறது. சீசன் களைகட்டிய ஞாயிற்றுக்கிழமை பேரருவிக்கரையில் போனில் எல்லாக் கோடுகளும் தெரியும், ஒரு படம் கூட அனுப்ப முடியாது. இங்கே தீக்குக் குறைவில்லை. ஓர் அடுப்பில் ஏற வேண்டிய பாத்திரங்களைவிடப் பல மடங்கு ஏறிவிட்டன. போன் தீயின் உயரத்தை மட்டும் பார்ப்பதால், சற்றுத் தள்ளி மிதமாக எரியும் காலி அடுப்பைக் கவனிப்பதில்லை. இதற்குத் தவசிப்பிள்ளையின் கையில் ஒரு வழி இருக்கிறது. நெரிசலான டவர், குறிப்பிட்ட ஒரு பக்கத்து டவருக்கு மட்டும் மாறும் அளவைத் தளர்த்தலாம். வழக்கமாக 3 டெசிபல் கூடுதல் கேட்பவர், 'அந்த அடுப்புக்கு மட்டும் 2 டெசிபல் குறைவாக இருந்தாலும் போகலாம்' என்று சொல்லிவிடுவார். ஓரத்தில் நிற்பவர்கள் அங்கே நகர்வார்கள், மீதிப்பேருக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். ஐந்தருவிப் பக்கமும் பழைய குற்றாலத்துப் பக்கமும் ஜூனிலிருந்து கூட்டம் கூடுவது எல்லோருக்கும் தெரிந்தது. மே மாதமே அதற்கான மதிப்புகளை எழுதிவைத்து, சாரல் விழுந்ததும் மாற்றிவிடலாம். வண்டியில் ஏற்றிவந்து நிறுத்தும் தற்காலிக டவர் வைப்பதானாலும், சுற்றியுள்ள டவர்கள் வைத்திருக்கும் பக்கத்து டவர்களின் பட்டியலில் அதைச் சேர்த்தால்தான் பயன். பட்டியலில் இல்லாத அடுப்புக்குத் தவசிப்பிள்ளை யாரையும் அனுப்பமாட்டார்.

சாலை மலையேறிக் கோட்டைவாசலுக்கு வந்தால் மாநில எல்லை. தொலைத்தொடர்பு உரிமத்தில் தமிழ்நாடு ஒரு வட்டம், கேரளம் இன்னொரு வட்டம். ஒரே நிறுவனமானாலும் வலையமைப்பின் அடையாள எண் வேறு. முதல் மூன்று இலக்கம் இந்தியாவுக்கு உரிய 404 அல்லது 405, அடுத்த இலக்கங்கள் நிறுவனத்துக்கும் வட்டத்துக்கும் ஏற்ப மாறும். சமையல்கட்டே வேறு, தவசிப்பிள்ளையும் வேறு. இரு கட்டுகளும் ஒன்றையொன்று சமமாக ஏற்கும்படி ஏற்பாடு செய்திருந்தால் உருளி சுவர் தாண்டிப் போகும், இல்லையென்றால் வாசலில் நின்றுவிடும். ஒரு காலத்தில் எல்லை தாண்டினால் வரும் அழைப்புக்கும் காசு போனது. பிஎஸ்என்எல் 2015 ஜூன் 15-ல் அதை நிறுத்தியது, பிறகு மற்றவர்களும் நிறுத்தினார்கள்.

காசு போனது நின்றாலும் ஒரு தொல்லை மிஞ்சியது. கேரள எல்லைக்குப் போய்த் திரும்பிய போன், செங்கோட்டை வந்த பிறகும் கேரள வலையையே பிடித்துக்கொண்டு கங்கில் காய்கிறது. காரணம் சிம்முக்குள் இருக்கிறது. விருந்தாளியாக வேறு வலையில் இருக்கும் போன், தன் சொந்த வலை கிடைக்கிறதா என்று எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை தேட வேண்டும் என்பது சிம்மில் எழுதப்பட்டிருக்கும். 6 நிமிடத்தின் மடங்குகளாக, 6 நிமிடத்திலிருந்து 8 மணி நேரம் வரை அது இருக்கலாம். எதுவும் எழுதாவிட்டால் 60 நிமிடம். அதற்குள் பஸ் தென்காசியைத் தாண்டிவிடும். விமானப் பயன்முறையைப் போட்டு, பத்து நொடி கழித்து எடுத்தால் போன் புதிதாகத் தேடத் தொடங்கும். எல்லையோர மக்கள் அனுபவத்தில் கண்டுபிடித்த இந்த வைத்தியம் முற்றிலும் சரியானது.

வீட்டிலும் லாட்ஜிலும் உள்ள வைஃபைக்கு இதே நோய் உண்டு, ஆனால் அதிகாரம் தலைகீழ். வைஃபை சமையல்கட்டில் தவசிப்பிள்ளைக்கு உத்தரவிடும் உரிமை இல்லை. எப்போது மாறுவது என்பதைக் கையாளே, அதாவது போனே, முடிவுசெய்கிறது. பல போன்கள் பிடிவாதக்காரர்கள். வரவேற்பறை ரவுட்டரில் ஒட்டிய போன், நீளமான வராந்தா கடந்து கடைசி அறைக்குப் போன பிறகும், தலைக்கு மேலேயே இன்னொரு ரவுட்டர் எரிந்துகொண்டிருக்க, பழைய கங்கை விடாது. ஆப்பிள் தன் ஐபோன்களுக்கு வெளியிட்டுள்ள விவரப்படி, சிக்னல் மைனஸ் 70-க்குக் கீழே இறங்கினால்தான் அவை வேறு ரவுட்டரைத் தேடும். தரவு ஓடிக்கொண்டிருந்தால் 8 டெசிபலும், சும்மா இருந்தால் 12 டெசிபலும் கூடுதலாக இருப்பதற்குத்தான் மாறும்.

பிடிவாதத்தைத் தளர்த்த மூன்று தரநிலைகள் இருக்கின்றன, மூன்றும் சேர்ந்தால்தான் ருசி. 2008-ல் வந்த 802.11கே, அக்கம்பக்கத்தில் எந்தெந்த அடுப்பு இருக்கிறது என்ற பட்டியலைப் போனுக்குக் கொடுக்கிறது. எல்லாச் சேனல்களிலும் தடவித் தேடும் நேரம் மிச்சம். 2011-ல் வந்த 802.11வி, "அந்த அடுப்புக்குப் போகலாமே" என்று யோசனை சொல்கிறது. போன் கேட்கலாம், கேட்காமலும் விடலாம். 2008-ன் 802.11ஆர் வேறொரு வேலை செய்கிறது. புதிய ரவுட்டருக்குப் போகும் ஒவ்வொரு முறையும் நீ யார், சாவி எங்கே என்று முதலிலிருந்து விசாரிப்பதால்தான் அல்வா ஆறுகிறது. சாவியை முன்கூட்டியே பகிர்ந்துவைத்து அந்த விசாரணையை இது சுருக்கிவிடுகிறது. மத்தளம்பாறையில் ஜோஹோ மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகம் வந்த பிறகும், கொரோனா ஊரடங்குக்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள் பெருகிய பிறகும், வீடியோ கூட்டத்தில் பேசியபடி மாடிக்கு ஏறுகிறவர்களுக்கு இந்தப் பக்கத்தில் குறைவில்லை. அவர்களுக்கு இந்த மூன்றாவது வசதி அவசியம்.

இரண்டு மூன்று ரவுட்டர் வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியது இது. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு, ஒரே வகைப் பாதுகாப்பு. ஒவ்வொன்றின் ஒலிபரப்பு வலுவையும் உச்சத்திலிருந்து குறைக்க வேண்டும். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. ரவுட்டர் உரக்கக் கத்தினால் தூரத்திலிருக்கும் போன் அதை நல்ல தீ என்று எண்ணி விடாமல் பிடித்துக்கொள்கிறது. போனின் மெல்லிய குரலோ ரவுட்டருக்குத் திரும்பக் கேட்பதில்லை. ஒவ்வொரு ரவுட்டரும் தன் பரப்பை மூடி, அடுத்ததன் எல்லையைச் சற்றே தொட்டால் போதும். 1, 2, 5.5 மெகாபிட் என்ற பழைய மெதுவான வேகங்களை நிறுத்தும் வசதி இருந்தால் நிறுத்திவிடலாம். அந்த வேகத்தில் தொத்திக்கொண்டிருக்கும் போன் அப்போதுதான் கை விடும். பிறகு ஒரு வீடியோ அழைப்பைப் போட்டுக்கொண்டு வாசலிலிருந்து பின்கட்டு வரை மெதுவாக நடந்து பாருங்கள். படம் உறையும் இடத்தில் நின்று, போன் எந்த ரவுட்டரில் இருக்கிறது, எந்த அளவில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பழைய ரவுட்டரில் மைனஸ் 80-ல் தவித்துக்கொண்டிருந்தால் அதன் வலுவை இன்னும் குறைக்க வேண்டும். புதிய ரவுட்டரே அங்கே மைனஸ் 75-க்கு மேல் வரவில்லை என்றால், இடையில் நிற்கும் சுவருக்கு இந்தப் பக்கம் அதை நகர்த்த வேண்டும்.